ஆர் பக்கம் அறுபது

கார்பரேட்டரைத் திறக்காதீர்கள் பாய். அதில் ஒன்றும் இல்லை.

ஸ்பேனரை அப்படியே வைத்துவிட்டு இந்த மோரைக் குடியுங்கள். உடுமலையிலிருந்து இந்த வெயிலில் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். அவர் கண்டென்சர் வாங்கிக்கொண்டு திரும்ப முக்கால் மணி நேரமாவது ஆகும். நடந்துதான் போயிருக்கிறார். இரண்டு மாதமாக மொபெட்டைத் தொடுவதே இல்லை. நடந்தால் சர்க்கரை குறையும் என்கிறார். அவருக்குச் சர்க்கரையே கிடையாது. சரி, நடப்பது நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

அவர் வருவதற்குள் உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். கண்டென்சர் பங்குனியில்தான் மாற்றினார். அதில் கோளாறு இல்லை. பிளக் நான்கும் புதிது. பெட்ரோல் பம்பு, காயில் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கோளாறு நான்தான் பாய்.

கொஞ்சம் இருங்கள், தெருக்கதவைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

யாரும் இல்லை. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பத்துத் தடவை போய்ப் பார்ப்பேன். போன் மணி அடித்தால் எடுக்காமல் அவரைக் கூப்பிடுவேன். என் பெண் கௌசல்யா, "அம்மா, நீ பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னா, ஏன் ஒண்ணுமில்லைன்னு பயப்படுவே" என்று கேலி செய்வாள். அதனால்தான் இந்த ஒரு பயத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

அவளுக்கு இப்போது ஏழாவது மாதம். வால்பாறையில் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மாப்பிள்ளைக்கு வேலை. நாளை மறுநாள் அங்கே வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு இறங்க வேண்டும். இந்த வண்டியில்தான் அழைத்து வருவேன் என்று இவர் சம்பந்தி வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? வாரம் ஒரு போன். "மாமா, உங்க அம்பாசடர் தானா மேல வருமா, இல்ல நாங்க கீழ வந்து தள்ளிட்டு வரணுமா?" இவரும் விடுவதில்லை. "மாப்பிள்ளை, நீங்க பொறக்கறதுக்கு முந்தியே அந்த மலைய ஏறி இறங்குன வண்டி இது. உங்க ஸ்கூட்டர் மாதிரி நெனச்சீங்களா?" ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். தாளிக்க வைத்தது கருகிவிடும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

தை மாதம் கௌசல்யாவைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மலையில் நாற்பது வளைவு. ஒவ்வொன்றிலும் மஞ்சள் பலகையில் எண் போட்டிருப்பான், உங்களுக்குத் தெரியும். நான் இறங்கும்போது எண்ணிக்கொண்டே வருவேன். எண்ணினால் பயம் கொஞ்சம் குறையும். பதினேழாவது வளைவு வந்தது. வண்டி திரும்பவில்லை.

திரும்பவே இல்லை பாய். நேராகப் போனது. நான் இவரைப் பார்த்தேன். இடது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி மடியில் கிடக்கிறது. யாரோ கழற்றி வைத்த மாதிரி. அது விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. கண் திறந்துதான் இருக்கிறது, ரோட்டைத்தான் பார்க்கிறார். "ஏனுங்க!" என்று நான் கத்தின கத்தலில் வலது காலை அழுத்திவிட்டார். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கல்லில் பம்பர் போய் முட்டி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் மரத்தின் உச்சிகள்தான் தெரிந்தன. மரத்தின் உச்சியை அவ்வளவு கிட்டத்தில், மேலிருந்து நான் பார்த்ததே இல்லை.

எஞ்சினை அணைத்தார். பிறகு, "ப்ரேக் பிடிக்கலை ருக்கு" என்றார்.

நான், "ஆமாங்க, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும், அவர் குளிக்கப் போன நேரத்தில், நான் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து ப்ரேக்கை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. ப்ரேக்கில் ஒன்றும் இல்லை.

அதை அவரிடம் சொல்லவில்லை. எங்களுக்குள் ஒளிவுமறைவே கிடையாது பாய். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு விஷயத்தையும் ஒருவருக்கொருவர் மறைத்ததில்லை. ஆனாலும் இதை எப்படிக் கேட்பது? ஒரே ஒரு தடவை, "கோயமுத்தூர்ல ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வரலாமுங்களா" என்றேன். "எதுக்கு?" என்றார். "சும்மாதான், வயசாகுதில்ல" என்றேன். "டாக்டர் ஏதாச்சும் எழுதிக் குடுத்தான்னா வண்டியத் தொட விட மாட்டாங்க. அப்புறம் நான் எதுக்கு இருக்கணும்?" என்று கேட்டார். சண்டை போடவில்லை, கத்தவில்லை. சாதாரணமாகக் கேட்டார். நான் காபி போட உள்ளே போய்விட்டேன்.

சினிமாக்காரர்கள் பொள்ளாச்சிக்கு வந்தால் இந்த வண்டியைத்தான் கேட்டு வருவார்கள். பழைய காலத்துப் படம் என்றால் பின்னால் எங்கேயாவது இது போய்க்கொண்டிருக்கும். கதாநாயகனை விட்டுவிட்டு நாங்கள் வண்டியைப் பார்ப்போம். டிரைவர் தொப்பி போட்டுக்கொண்டு அவரே ஓட்டுவார். வேறு யாரையும் ஸ்டியரிங்கில் உட்கார விடமாட்டார். பின் சீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

வண்டியில் எனக்கு என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் கல்யாணம் ஆன மறு வாரத்திலிருந்து இந்த பானட்டுக்குக் கீழே டார்ச் பிடித்தவள் நான்தான். கார்பரேட்டரை நியூஸ்பேப்பரில் பிரித்துப் போட்டால் எந்தத் துண்டு எங்கே போகும் என்று தெரியும். நெருப்பு விழுகிற நேரத்தை, அந்த டைமிங்கை, வைக்கும்போது ஒரு சின்ன பல்பை ஒயரில் கட்டித் தொங்கவிடுவார். நான் வண்டிக்கு முன்னால் நின்று எஞ்சின் ஹேண்டிலை மெதுவாகச் சுற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் திறக்கிற நேரம் பல்பு எரியும். "நிறுத்து!" என்பார். பிறகு நான் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிப்பேன், அவர் காதை வைத்துக் கேட்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் காது வந்துவிட்டது. அவர் சொல்வதற்கு முன்னாலேயே, இப்போது சரியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் நன்றாகவா இருக்கும்?

டிஸ்ட்ரிபியூட்டரில் பல் பல்லாக ஒரு சின்னத் திருகு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன். ஸ்பேனர் வேண்டாம், விரலாலேயே திருப்பலாம். ஒரு பக்கம் ஏ என்று போட்டிருக்கிறது, ஒரு பக்கம் ஆர். ஏ பக்கம் போனால் நெருப்பு முன்னாடியே விழும், ஆர் பக்கம் போனால் தாமதமாக விழும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். திருப்பும்போது டிக், டிக் என்று சத்தம் வரும். "பத்து டிக் மாறினாலே எஞ்சின் மூச்சு விடறது மாறிடும் ருக்கு" என்பார்.

மாசியில் ஒரு காலையில், "மலைக்குப் போறதுக்கு முன்னால ஆழியாறு அணை வரைக்கும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் பானட்டைத் தூக்கினேன். எனக்கே தெரியாமல் தூக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆர் பக்கம் அறுபது டிக். ஒவ்வொரு டிக்குக்கும் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே திருப்பினேன். எனக்கு வெள்ளெழுத்து. கண்ணாடியைத் தேடக்கூட நேரமில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே எண்ணினேன்.

ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டார். அணை ஏற்றத்திலேயே இழுவை இல்லையாம், ரேடியேட்டர் கொதித்துவிட்டதாம். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. "கார்பரேட்டர்ல அடைப்பு போல இருக்கு" என்றார். கோபப்படுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். கோபமே இல்லை. இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

அன்றைக்கே கார்பரேட்டரைப் பிரித்தார். ஜெட்டைப் பெட்ரோலில் கழுவினார், ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஆயில் ஊற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டு பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டே தட்டு பிடிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா பாய்? பல்பைக் கட்டி டைமிங்கையும் சரி செய்தார். வண்டி பூ மாதிரி ஓடியது. மறுநாள் நான் மறுபடியும் அறுபது.

இப்படியே போனது. அவர் பாயிண்டைத் தேய்த்து இடைவெளி பார்ப்பார். சரியாகும். நான் திருப்புவேன். அவர் மிதவையை மாற்றுவார். சரியாகும். திருப்புவேன். ஒரு நாள் எஞ்சின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, "என் காது போயிடுச்சோ என்னமோ" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அதெல்லாம் இல்லீங்க, வண்டிக்கு வயசாயிடுச்சு" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, வண்டிக்குத்தான்" என்றார்.

இனிமேல்தான் பெரிய தப்பு.

பங்குனிக் கடைசி. என் சைக்கிளைச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நிறுத்தியிருந்தேன். அன்றைக்கு அவர் சலூனுக்குப் போயிருந்தார், எப்போது வேண்டுமானாலும் வந்துவிடுவார். சைக்கிளை நகர்த்தினால் சத்தம் கேட்கும் என்று பயந்து, எப்போதும் நிற்கிற பக்கம் போகாமல், இந்தப் பக்கமிருந்து கார்பரேட்டருக்கு மேலே குனிந்து கையை நீட்டினேன். அறுபது எண்ணினேன். கை தலைகீழாக இருப்பது என் புத்தியில் ஏறவே இல்லை. ஏ பக்கம் திருப்பிவிட்டேன்.

ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி பேட்டரி இறங்கிப்போயிருந்தது. அவர் வந்து ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். நெருப்பு முன்னாடியே விழுந்துவிட்டது. ஹேண்டில் திருப்பி அடித்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கட்டை விரலைத் தப்பா வச்சிட்டேன் ருக்கு. ஹேண்டில் பிடிக்கறப்ப கட்டை விரலைச் சுத்தி வைக்கக் கூடாதுன்னு ஊருக்கே சொல்லுவேன். நானே வச்சிட்டேன்" என்றார்.

அவர் வைக்கவில்லை பாய். நான் பார்த்தேன். சரியாகத்தான் பிடித்திருந்தார்.

எலும்பு முறியவில்லை, பிசகல்தான். மூன்று வாரம் கட்டுப் போட்டார்கள். நான்தான் ஊட்டிவிட்டேன், நான்தான் பித்தான் போட்டுவிட்டேன். இடது கையால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க வரவில்லை. மூன்று டம்ளர் உடைந்தது, அப்புறம் எவர்சில்வரில் கொடுத்தேன். இடது கைப் பழக்கம் இல்லாதவருக்கு அப்படித்தானே இருக்கும்? அடிபட்ட மறுநாள் காலையில் பார்த்தால், சுவரோரம் இருந்த என் சைக்கிளைக் காணோம். துவைக்கிற கல் பக்கத்தில் கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார், அந்தக் கட்டுப்போட்ட கையோடு. ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

கட்டு அவிழ்த்ததும் மறுபடியும் டைமிங் வைத்தார். நான் மறுபடியும் திருப்பினேன், இந்தத் தடவை என் பக்கமிருந்து. அதற்குள் வளைகாப்புத் தேதி வந்துவிட்டது. அவர் யாரையும் கேட்காமல் உங்களுக்குப் போன் செய்துவிட்டார். உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். பத்தடி தூரத்தில் நின்று எஞ்சின் சத்தத்தைக் கேட்டாலே சொல்லிவிடுவீர்கள் என்பார். 

அதனால் ஒரே ஒரு உதவி செய்யுங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். டைமிங்கைத் தொடாதீர்கள். அவர் வந்ததும், "சென்னியப்பன், இந்த எஞ்சின் சமவெளியில ஓடும், மலைக்கு ஆகாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார். நீங்கள் சொன்னால் மாப்பிள்ளைகூட மறுபேச்சுப் பேச மாட்டார். பொய்தான். பாவம் என்னைச் சேரட்டும்.

ஏன் பாய் அப்படிப் பார்க்கிறீர்கள்? சிரிக்கிறீர்களா?

எங்கே பார்க்கச் சொல்கிறீர்கள்? திருகையா? எனக்குத் தெரியாதா அது... கண்ணாடியா, இருங்கள், தலையிலேயேதான் இருக்கிறது. டார்ச்சைக் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கள்.

வெள்ளையாக ஏதோ இருக்கிறது. கோடு. தீக்குச்சி முனையால் இழுத்த மாதிரி. நம்பர் பிளேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட் அது, டப்பா அலமாரியில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆர் பக்கம் ஆறு கோடு. நான் போடவில்லை பாய். சத்தியமாக நான் போடவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டுதானே...

ஏ பக்கத்தில் ஒரே ஒரு கோடு.

ஏழு. நான் திருப்பினதும் ஏழு தடவைதான்.

கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்படியானால் முதல் நாளிலிருந்தே தெரியுமா? தட்டு பிடித்தபோது? காது போயிடுச்சோ என்று என்னைப் பார்த்துச் சொன்னபோது? அந்தச் சைக்கிள். ஐயோ, அந்தச் சைக்கிளை அவர் ஒழுங்குக்காக நகர்த்தவில்லை. நான் என் பக்கம் நின்று திருப்ப வேண்டும் என்று நகர்த்தியிருக்கிறார்.

பிறகு உங்களை எதற்குக் கூப்பிட்டார்?

என்ன? உங்களைக் கூட்டிவர வந்தபோது பஸ் ஸ்டாண்டிலேயே கேட்டாரா? என்ன கேட்டார்? "மலைக்கு ஆகாதுன்னு நீங்க சொல்லிடுங்க பாய். வீட்டுல நம்பற மாதிரி சொல்லுங்க" என்றா? அப்படியே இந்த வார்த்தையா? வீட்டில் நம்ப வேண்டும் என்றா?

இல்லை, அழவில்லை. எனக்குச் சந்தோஷம்தான் வர வேண்டும். வரவில்லை பாய். இவ்வளவு நாளும் ஒரு பயம்தான் இருந்தது, இப்போது இரண்டாகிவிட்டது. அவரும் பயப்படுகிறார் என்றால், அவர் எதற்குப் பயப்படுகிறார்? தை மாதம் நடந்ததை நினைத்து மட்டும் ஒருவர் இவ்வளவு நாள் ஏமாந்தவர் மாதிரி நடிப்பாரா? கை மறுபடியும் விழுந்திருக்கிறது. நான் பார்க்காதபோது விழுந்திருக்கிறது. அதனால்தான் மொபெட்டைத் தொடுவதில்லை. மூன்று டம்ளர். இடது கைப் பழக்கம் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு, துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிக் கொட்டினேனே. என் கண் எதிரிலேயே விழுந்திருக்கிறது. நான் பானட்டுக்குள்ளேயே குனிந்துகொண்டிருந்தேன்.

அவர் போய் எவ்வளவு நேரம் ஆகிறது? அரை மணியா? இந்த வெயிலில் தனியாக அனுப்பிவிட்டோமே.

பாய், டைமிங்கைச் சரி செய்யுங்கள். ஆமாம், சரி செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஏ பக்கம் அறுபது. நான் உள்ளே உட்கார்ந்து மிதிக்கிறேன், பேட்டரி நேற்றுத்தான் சார்ஜ் போட்டது. மாப்பிள்ளைக்கு நானே போன் செய்து சொல்லிவிடுகிறேன், கௌசல்யாவை வாடகை வண்டியில் மெதுவாக இறக்கிக்கொண்டு வரட்டும். கேலி செய்தால் செய்யட்டும். கோயமுத்தூர் ரோட்டில் வளைவே இல்லை, ஒன்றரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. நீங்கள்தான் ஓட்ட வேண்டும். நல்ல மெக்கானிக்குகளில் பாதிப் பேருக்கு ஓட்ட வராது என்பார் அவர், உங்களுக்கு வரும்தானே? உங்கள் வீட்டுக்குப் போன் செய்து, சாயங்காலம் ஆகும் என்று சொல்லிவிடுங்கள்.

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. போதும் பாய், அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் ஒன்று வேண்டாம். என் காதுக்குத் தெரிகிறது. கேளுங்கள், இதுதான் அவர் வைக்கிற சத்தம்.

அதோ வந்துவிட்டார். நன்றாகத்தான் நடந்து வருகிறார், பொட்டலம் வலது கையில் இருக்கிறது. பாருங்கள், கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கேட்கிறார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் ஸ்டியரிங்கில் உட்காருங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம். நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறேன், இடது கையை. பின் கதவைத் திறந்து வையுங்கள் பாய். இரண்டு பேரும் பின்னாலேயே உட்கார்ந்து வருகிறோம்.